எழுதிக் கொடுத்த மன்னிப்பும் இன்னும் எழுதிக் கொடுக்காத ராஜினாமாவும்

தென்மாவட்டக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 34 வயதுப் பெண் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். ஊர், பெயர், நிறுவனம் ஆகிய அடையாளங்களை விலக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அருகிலுள்ள நகரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் அவர் 6 ஆண்டுகளாகக் கணக்காளராக இருக்கிறார். கடந்த குடியரசு தினத்தன்று நடந்த கிராம சபைக் கூட்டத்தில், ஊரின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைப் பழுதுபார்க்க ஒதுக்கப்பட்ட பணத்துக்கான கணக்கைக் காட்டும்படி கேட்டிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று ஊராட்சித் தரப்பில் பதில் வந்திருக்கிறது. அந்த உரையாடலைக் கைப்பேசியில் பதிவு செய்திருந்த அவர், இரவு அதை ஃபேஸ்புக்கில் ஏற்றி, "தொட்டி வேலைக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது? கணக்கைக் காட்டுங்கள்" என்று எழுதியிருக்கிறார். மறுநாள் மாலை 6.45 மணிக்குக் காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. மனு ஒன்று வந்திருப்பதாகவும் உடனே வர வேண்டும் என்றும் சொன்னதால், தம்பியை அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். அங்கே தொட்டி வேலையை எடுத்த ஒப்பந்ததாரர் உட்கார்ந்திருந்தார். இரவு 10.30 மணி வரை இவரை வெளியே விடவில்லை. பெண் காவலர் யாரும் இல்லை. கைப்பேசியை வாங்கிக்கொண்டு, பூட்டு எண்ணையும் கேட்டு, பதிவை நீக்கியிருக்கிறார்கள். "உண்மை தெரியாமல் அவதூறாகப் பதிவிட்டேன், இனி இவ்வாறு செய்ய மாட்டேன்" என்று அவர்கள் சொல்லச் சொல்ல இவர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார். எஃப்.ஐ.ஆர். இல்லை, மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லை, எழுதிக் கொடுத்ததன் நகலும் இல்லை. 3 வாரங்கள் ஆகியும் கைப்பேசி திரும்பவில்லை. இதற்கிடையில் அலுவலக மேலாளர், நிறுவனத்தின் பெயர் கெடுவதாகச் சொல்லி, ராஜினாமா கடிதம் கேட்கிறார். அதை இவர் இன்னும் கொடுக்கவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. இணையப் பதிவுக்காக 66ஏ பிரிவில் உள்ளே போகாமல் தப்பியதே பெரிது என்கிறார் மாமா. மன்னிப்பு எழுதிக் கொடுத்த பிறகு பேசுவதற்கு எதுவும் இல்லை, அரசமைப்புச் சட்டமெல்லாம் பாடப் புத்தகத்தோடு சரி என்கிறார் தம்பி. தந்தையோ அன்றிரவே உட்கார்ந்து குடியரசுத் தலைவருக்கு 4 பக்கத்தில் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறார். கடிதம் எழுதியவர், அரசமைப்புச் சட்டத்தின் கூறு 19 தரும் பேச்சுரிமை பறிக்கப்பட்டதால் காவல் துறை மீதும் நிறுவனத்தின் மீதும் நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் செய்தது தவறோ என்ற ஐயம் அதில் மூன்று இடங்களில் எட்டிப் பார்க்கிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கிராம சபையில் எழுந்து கணக்குக் கேட்டது சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் வேலை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர் என்று அரசமைப்புச் சட்டத்தின் கூறு 243 வரையறுக்கிறது. 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தபோது சேர்ந்த பகுதி இது. ஊராட்சியின் முந்தைய ஆண்டுக் கணக்கு மீதான தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல் தர வேண்டிய அவையே, 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, கிராம சபைதான். ஒப்புதல் தர வேண்டியவர் கணக்கைப் பார்க்கக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்?

ஆனால், நடந்தவை அனைத்தையும் கூறு 19 என்ற ஒற்றை முடிச்சில் நீங்கள் கட்டிவிட்டீர்கள். அதை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன: நீங்கள் பேசியது, காவல் நிலையத்தில் உங்களுக்கு நடந்தது, அலுவலகத்தில் உங்களிடம் கேட்கப்படுவது. மூன்றுக்கும் எதிர்த்தரப்பு வேறு, சட்டம் வேறு, போக வேண்டிய இடமும் வேறு. வழக்காக எடுத்துப்போனால், நீங்கள் அதிகம் வலியுறுத்தும் பேச்சுரிமையைவிட, கடிதத்தில் இரண்டே வரிகளில் கடந்துபோன அந்த மாலை நேரம்தான் உங்கள் கையில் உள்ள வலுவான வாதம் என்பது என் கருத்து.

கணக்குக் கேட்டது அவதூறா?

கூறு 19(1)(அ) பேச்சுரிமையைத் தருகிறது. கூறு 19(2), அரசு அந்த உரிமைக்கு எந்தெந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்று எண்ணிச் சொல்கிறது. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கநெறி, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகிய எட்டே காரணங்கள். கட்டுப்பாடு சட்டத்தின் வழியே வர வேண்டும், நியாயமானதாகவும் இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் வரலாற்றில் நம் மாநிலத்துக்கும் பங்கு உண்டு. பம்பாயிலிருந்து வெளிவந்த ஒரு வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று அன்றைய சென்னை அரசு போட்ட தடையை, ரமேஷ் தாப்பர் வழக்கில் 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது 4 மாதங்கள்தான் ஆகியிருந்தன. மறு ஆண்டே முதல் திருத்தத்தின் மூலம் பொது ஒழுங்கு என்ற காரணத்தை நாடாளுமன்றம் கூறு 19(2)இல் சேர்த்தது. அதே திருத்தம்தான் கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லையும் அங்கே சேர்த்தது. பேச்சுரிமை எல்லையற்றது என்று நீங்கள் எண்ணியிருந்தால் அது சரியல்ல. எல்லையைக் காவல் நிலையம் வரையலாம் என்று உங்கள் வீட்டில் எண்ணினால் அதுவும் சரியல்ல.

மாமா சொல்லும் 66ஏ இன்று உயிரோடு இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று முழுவதுமாக நீக்கியது. அதன் பிறகும் சில காவல் நிலையங்களில் அந்தப் பிரிவில் வழக்குகள் பதிவானதால், யார் மீதும் அதன்கீழ் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மீண்டும் ஓர் உத்தரவு போட வேண்டியிருந்தது.

அவதூறைப் பொறுத்தவரை கவனமாகப் பேச வேண்டும், ஏனெனில் அது இன்னமும் குற்றம்தான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவில் அதற்கு 2 ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் அது காவல் துறை தானாகக் கையில் எடுக்கக் கூடிய குற்றமல்ல. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் நீதித்துறை நடுவரிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். நடுவரின் உத்தரவில்லாமல் காவல் அதிகாரி இத்தகைய குற்றத்தைப் புலனாய்வு செய்யக் கூடாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174ஆவது பிரிவு தடுக்கிறது. ஒப்பந்ததாரருக்கு மனக்குறை இருந்தால் அவர் போயிருக்க வேண்டிய இடம் நடுவர் நீதிமன்றம். அங்கேயும் உங்கள் தரப்பைக் கேட்காமல் நடுவர் புகாரைக் கோப்பில் எடுக்க முடியாது.

உங்கள் வாக்கியத்தில் யார் பெயரும் இல்லை, யாரையும் திருடர் என்றும் சொல்லவில்லை. பொதுப் பணத்தைப் பற்றிய கேள்வி அது. அரசும் உள்ளாட்சி அமைப்பும் தங்களை அவதூறு செய்ததாக இழப்பீட்டு வழக்குப் போட முடியாது என்று ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இந்தப் பாதுகாப்பு, தனிமனிதரான ஒப்பந்ததாரரின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டுவதற்கு நீளாது. எனவே, ஆதாரம் கையில் வரும் வரை பேச்சிலோ பதிவிலோ எவர் பெயரையும் சேர்க்காதீர்கள்.

அந்த மாலை நேரம்

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். விசாரணைக்காக ஒருவரை வரச் சொல்ல, புலனாய்வு செய்யும் காவல் அதிகாரி எழுத்து மூலம் ஆணை தர வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. பெண்களையும், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட அல்லது 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயுற்றவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் வரச் சொல்லக் கூடாது. கேள்வி கேட்க வேண்டுமானால் அதிகாரிதான் உங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். இது புதிய சலுகையுமல்ல. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160ஆவது பிரிவில் இருந்த விதியே இங்கு தொடர்கிறது. ஒரிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதியைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்த வழக்கில், 1978இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிமீறலைக் கடுமையாகக் கண்டித்தார். முதலமைச்சராக இருந்தவருக்கே நடந்தது என்றால், கிராமத்துப் பெண்ணுக்கு நடக்கும்போது அது எவர் கண்ணிலும் படாமல் போவதில் வியப்பில்லை. ஆனால் சட்டம் இருவருக்கும் ஒன்றுதான்.

இந்த விதியைத் தெரிந்தே மீறி ஒருவரை வரவழைக்கும் அரசு ஊழியருக்கு 6 மாதத்துக்குக் குறையாமல் 2 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை விதிக்க நியாய சன்ஹிதாவின் 199ஆவது பிரிவு இடம் தருகிறது. 2013இல் பழைய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த பிரிவின் தொடர்ச்சி அது. எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெண் தானே விரும்பி நிலையத்துக்கு வந்தால் அனுமதிக்கலாம் என்று 179இலேயே ஒரு வரி இருக்கிறது. நீங்கள் தம்பியோடு தானாக வந்தீர்கள் என்றே பதில் மனுவில் எழுதுவார்கள். அதனால்தான் 6.45 மணி அழைப்பின் பதிவு உங்களுக்கு உயிர்நாடி. கைப்பேசி உங்களிடம் இல்லாவிட்டாலும், அழைப்புப் பட்டியலைத் தொலைபேசி நிறுவனத்தின் கணக்கிலிருந்து எடுக்க முடிகிறதா என்று இன்றே பாருங்கள்.

கைது செய்யவில்லை, விசாரித்தோம் என்றும் சொல்வார்கள். நீங்கள் எழுந்து போக விரும்பியபோது போக முடிந்ததா என்பதுதான் கேள்வி. முடியவில்லை என்றால், பெயர் எதுவாக இருந்தாலும் உங்கள் சுதந்திரம் பறிக்கப்பட்டது. சட்டம் வகுத்த நடைமுறையின்றி எவருடைய தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்ற கூறு 21 அங்கே வந்துவிடுகிறது. உண்மையிலேயே கைது என்று சொன்னாலும், சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்ய விதிவிலக்கான சூழல் வேண்டும், பெண் அதிகாரி எழுத்துபூர்வ அறிக்கை தந்து நடுவரின் முன்அனுமதியும் பெற்றிருக்க வேண்டும். இவற்றில் ஒன்றுமே நடக்கவில்லை. கைப்பேசிக்கும் இதுவே பொருந்தும். குற்றத்தோடு தொடர்புடையதாக ஐயப்படும் பொருளைக் கைப்பற்றினால் அதை உடனே நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கே இல்லாதபோது கைப்பற்றுதல் எங்கிருந்து வந்தது? 2017இல் 9 நீதிபதிகள் அமர்வு அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்ன அந்தரங்க உரிமையையும் அந்தப் பூட்டு எண்ணோடு சேர்த்தே அவர்கள் வாங்கியிருக்கிறார்கள். வங்கி, மின்னஞ்சல், ஃபேஸ்புக் ஆகியவற்றின் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து உடனே மாற்றிவிடுங்கள்.

நடந்ததை இன்னொரு கோணத்திலும் பாருங்கள். சட்டம் இயற்றுபவர் ஒருவர், அதை நடைமுறைப்படுத்துபவர் இன்னொருவர், அதை மீறியது யார் என்று தீர்மானிப்பவர் மூன்றாமவர் என்று நம் அரசமைப்புச் சட்டம் அதிகாரத்தைப் பிரித்து வைத்திருக்கிறது. நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கூறு 50 தனியாகவே சொல்கிறது. அன்றிரவு அந்த ஒரு மேசையில் புகார் பெற்றவரும், விசாரித்தவரும், அவதூறு என்று தீர்ப்புச் சொன்னவரும், பதிவை நீக்கித் தண்டனையை நிறைவேற்றியவரும் ஒருவரேதான். உங்களுக்கு நேர்ந்த அநீதியின் வேர் அங்கே இருக்கிறது. 174ஆவது பிரிவு சலிப்பூட்டும் நடைமுறை விதிபோலத் தோன்றலாம். அந்தப் பெரிய அதிகாரப் பிரிவினை ஒரு காவல் நிலையத்தின் வாசல்வரை வந்து நிற்பது இத்தகைய சிறிய விதிகளின் வடிவத்தில்தான்.

எழுதிக் கொடுத்த மன்னிப்பு

உங்கள் தம்பிக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 23ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. புலனாய்வில் எழுதப்படும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்றும் நடைமுறைச் சட்டத்தில் விதி இருக்கிறது. எனவே, அந்தத் தாளை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்துவதைவிட, அது எப்படி வாங்கப்பட்டது என்று விளக்குவதுதான் அவர்களுக்குக் கடினமாக இருக்கும்.

இனி இவ்வாறு செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழி உங்கள் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்துமா? இதற்கு 1985இல் வந்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு பதில் சொல்கிறது. பம்பாயின் நடைபாதைவாசிகள், நடைபாதையில் குடிசை போடும் அடிப்படை உரிமை எதையும் கோரவில்லை என்றும், குறித்த நாளுக்குப் பிறகு குடிசைகளை அகற்றுவதைத் தடுக்க மாட்டோம் என்றும் உயர் நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்கள் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள் இப்போது வழக்குப் போட முடியாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. அரசமைப்புச் சட்டத்துக்கு எதிராக அப்படியொரு தடை எழ முடியாது, அடிப்படை உரிமையை எவரும் பேரம் பேசி விட்டுக்கொடுக்க முடியாது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த வாதத்தைத் தள்ளியது. அந்த மக்கள் கேட்ட அனைத்தும் கிடைத்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் இந்தக் கோட்பாடு நிலைத்துவிட்டது. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் துணையோடு சொன்ன சொல்லுக்கே அதுதான் நிலை என்றால், இரவு 10 மணிக்குக் காவல் நிலையத்தில் எழுதி வாங்கிய தாளின் நிலை என்னவென்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பாடப் புத்தகத்தோடு சரி என்று தம்பி சொல்வதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். நெருக்கடி நிலையில், 1976இல், சட்டவிரோதமாக அடைக்கப்பட்டவரும் நீதிமன்றத்தை அணுக முடியாது என்று உச்ச நீதிமன்றமே நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. மறுத்து எழுதியவர் நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவர்தான். எந்த நெருக்கடி நிலையிலும் கூறு 20, 21 ஆகியவற்றின் அமலாக்கத்தை நிறுத்தி வைக்க முடியாது என்று 1978இல் 44ஆவது திருத்தம் வந்தது. அந்தத் தீர்ப்பு தவறு என்று நீதிமன்றம் தன் வாயால் சொல்ல 2017 வரை ஆனது. ஏட்டில் இருப்பது தானாக எழுந்து வந்து எவரையும் காத்ததில்லை. ஒருவர் மனுப் போட்டார், ஒருவர் மறுத்து எழுதினார், நாடாளுமன்றம் திருத்தியது. அப்படித்தான் இந்த உரிமைகள் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

நிறுவனத்தின் மீது கூறு 19 பாயுமா?

இங்கே உங்கள் எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசை நோக்கிச் சொல்லப்பட்டவை. அரசு என்பதில் ஒன்றிய, மாநில அரசுகளும், நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும், உள்ளாட்சி உள்ளிட்ட பிற அதிகார அமைப்புகளும் அடங்கும் என்று கூறு 12 சொல்கிறது. உங்கள் ஊராட்சி அதில் வரும், காவல் துறை வரும், தனியார் நிறுவனம் பொதுவாக வராது. தீண்டாமையைத் தடைசெய்யும் கூறு 17, கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் கூறு 23 போன்ற சில மட்டுமே தனியாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்துகின்றன. கூறு 19, 21 ஆகியவற்றை அரசல்லாதவர்களுக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று 2023 ஜனவரியில் கௌசல் கிஷோர் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னது உண்மை. எனினும் ஒரு வேலை இழப்பை அந்த ஒரு வரியின் மேல் கட்டி எழுப்ப நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்களுக்கு அதைவிட அருகில், அதைவிட உறுதியான சட்டம் இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆவது பிரிவுப்படி, 6 மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றியவரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ இல்லாமல் நீக்க முடியாது. நீக்கினால் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கான காலவரம்பு குறுகியது. உத்தரவு கைக்கு வந்ததும் செயல்பட வேண்டும். இந்தப் பாதுகாப்பெல்லாம் நீக்கப்பட்டவருக்குத்தான், தானாக விலகியவருக்கு இல்லை. எனவே ராஜினாமாவை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். விடுப்பை எழுத்தில் கேளுங்கள்; வேலைக்கு வரத் தயாராக இருப்பதாகப் பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ தெரிவியுங்கள்; மேலாளர் என்ன தேதியில் என்ன சொன்னார் என்று குறித்து வையுங்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த தாளிலிருந்து உங்களை மீட்கச் சட்டம் இருக்கிறது. அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கும் தாளிலிருந்து மீட்பது மிகக் கடினம்.

எந்த வாசல்?

குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயல்பட வேண்டியவர் என்பது கூறு 74. பொது ஒழுங்கும் காவல் துறையும் ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் முதல் இரண்டு பதிவுகளாக இருக்கின்றன. எனவே, தில்லிக்குப் போகும் மனு பொதுவாக மாநில அரசுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு வந்து, கடைசியில் எந்த நிலையத்தைப் பற்றிப் புகாரோ அந்த நிலையத்திடமே விளக்கம் கேட்டுப் போய்ச் சேரும். அதில் மாதங்கள் கரையும்.

உச்ச நீதிமன்றத்தை நேரடியாக அணுக வழிசெய்யும் கூறு 32 தானே ஓர் அடிப்படை உரிமை. அம்பேத்கர் அதை அரசமைப்புச் சட்டத்தின் ஆன்மா, இதயம் என்று 1948 டிசம்பரில் அரசமைப்பு நிர்ணய சபையில் சொன்னார். இருந்தாலும், முதலில் உயர் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று சொல்வதையே உச்ச நீதிமன்றம் இன்று வழக்கமாக வைத்திருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்குக் கூறு 226 தரும் அதிகாரம் அகலமானதும்கூட. அடிப்படை உரிமைக்காக மட்டுமன்றி வேறு சட்ட உரிமைகளுக்காகவும், அரசு அமைப்புக்கு ஆணையிடக் கோரும் ரிட் மனுவை அங்கே போடலாம். உங்களுக்கு 2004 முதல் மதுரையில் இயங்கும் சென்னை உயர் நீதிமன்றக் கிளைதான் உரிய இடம். கைப்பேசியைத் திருப்பித் தரவும், எழுதி வாங்கிய தாளைச் செல்லாததாக அறிவிக்கவும், இழப்பீடு வழங்கவும் ஒரே மனுவில் கேட்கலாம். குற்றமற்றவர் என்று தீர்ப்பான பிறகும் 14 ஆண்டுகளுக்கு மேல் பீகார் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கியதிலிருந்து, அடிப்படை உரிமை மீறலுக்காக ரிட் வழக்கிலேயே பணம் வழங்கும் வழக்கம் தொடர்கிறது. உங்கள் வழக்கில் பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம்.

மாநில மனித உரிமை ஆணையம் மற்றொரு வழி. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் தர வேண்டும், கட்டணமில்லை. ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லியிருக்கிறது. விரைவாகக் கைப்பேசி வேண்டுமென்றால் ரிட் மனு, அதிகாரியின் மீது பொறுப்பு சுமத்துவதே முதன்மை என்றால் ஆணையம் என்று நான் பிரிப்பேன். 199ஆவது பிரிவில் குற்ற வழக்குத் தொடர்வது மூன்றாவது வழி. அது நீண்டது. அதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன், இந்த வாரமே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும், பதிவுகளை 18 மாதமும், அது முடியாத இடத்தில் குறைந்தது ஓராண்டும் வைத்திருக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நடைமுறையில் கேமரா பழுது என்ற பதிலும் வரக்கூடும். அதனால் அன்று மாலை 6.45 முதல் இரவு 11 மணி வரையிலான பதிவைப் பாதுகாக்கும்படி காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு மனுவும், அதே பதிவைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் அனுப்புங்கள். ஊராட்சிக்கும் தனியாக ஒரு தகவல் மனு அனுப்பி, தொட்டி வேலையின் வேலை உத்தரவு, அளவீட்டுப் புத்தகம், பட்டியல் தொகை ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நீங்கள் கிராம சபையில் கேட்ட கேள்விக்கான விடை அந்தத் தாள்களில் இருக்கும்.

செலவைப் பற்றிக் கடிதத்தின் கடைசியில் தயங்கிக் கேட்டிருந்தீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன்படி பெண் என்பதே இலவச சட்ட உதவிக்குப் போதும், வருமான வரம்பு பார்க்கப்படாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். மீண்டும் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால், எழுத்து மூலம் அழைப்பாணை தரும்படியும் வீட்டுக்கு வந்து விசாரிக்கும்படியும் பணிவாகச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

உங்கள் தந்தையார் எழுதிய 4 பக்க மனுவை அனுப்ப வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், கிழித்துப்போடச் சொல்லவில்லை. சம்பவம் நடந்த அதே இரவில், நீங்கள் வீட்டுக்கு வந்த நேரமும், சொன்ன சொற்களும், நிலையத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதும் மறக்கும் முன் எழுதப்பட்ட ஒரே ஆவணம் அது. மறுநாள் யோசித்து எழுதியதைவிட அதற்கு மதிப்பு அதிகம். அதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாமல், எழுதிய தேதியோடும் நேரத்தோடும் மூலத்தைப் பத்திரப்படுத்தி வையுங்கள். ரிட் மனுவோடு இணைக்க உங்கள் வழக்கறிஞர் முதலில் கேட்கப்போகும் தாள் அதுவாகத்தான் இருக்கும்.